சீனியில்லாத சஃபாரி

பதினாறு வருடம் ஆட்களுக்கு ரிக்கெற் போட்டேன், கடைசி ஐந்தாறு வருடம் ஆபிரிக்காவுக்கும் அனுப்பினேன். பல தடவை நானும் கூடவே போனேன். அங்கே என்னைக் கடித்தது ஒரேயொரு உயிர்தான். பெயர் பரிமளம், வயது அறுபத்தாறு, லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் மகளுடைய வீட்டில் குடியிருந்தார். என் வலதுகைச் சுட்டுவிரலில் அந்த அடையாளம் இன்னும் கிடக்கிறது.

போன கிழமை ஒபிசில் எனக்குப் பிரியாவிடைக் கேக் வெட்டியபோது நீங்கள் கேட்டீர்கள்: "அக்கா, புதுசாச் சேந்த எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்." ரிக்கெற் போடுவதைக் கொம்பியூட்டர் சொல்லித் தரும். விசா விண்ணப்பத்தை நிரப்ப அதன் பின்பக்கத்தை வாசித்தால் போதும். அதனால் அவை ஒன்றையும் நான் எழுதப் போவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஏன் ஓய்வெடுக்கிறாய் என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். சிலருக்கு முழங்கால் தேயும். எனக்குப் பதறுகிற பாகம் தேய்ந்துவிட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கிழடுகள் ஏன் சஃபாரி போகத் தொடங்கினார்கள்? எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஒபிசில் விற்றதெல்லாம் கொழும்பு ரிக்கெற்தான். அகதியாக வந்த பிள்ளைகள் தொண்ணூறுகளில் வீடு வாங்கி, கடை போட்டு, தாய் தகப்பனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு வீட்டுக்குள் இருத்திவிட்டு வேலைக்குப் போனார்கள். தாய் தகப்பன் பகல் முழுக்க ஹீற்றரைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார்கள். ரீவியில் அவர்களுக்கு விளங்கிய ஒரே நிகழ்ச்சி மிருகங்களைப் பற்றியது, அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ஒரு சிறுத்தைக்கு எத்தனை குட்டி, அதில் எத்தனை தப்பும் என்று அவர்களுக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது.

பிள்ளைகளுக்குக் குற்ற உணர்ச்சி. அதற்கு நாங்கள் ஒரு பாக்கேஜ் போட்டோம்.

எங்கள் முதலாளி நைரோபியில் பிறந்த குஜராத்திப் பெண். வயது போனவர்களை அழைத்துப் போவது பற்றி அவர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: சிங்கத்தைப் பார்த்துத் திட்டம் போடாதே, ரொயிலெற்றைப் பார்த்துப் போடு. நான் இயல்பிலேயே பயந்தவள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் குப்பை போட வெளியே போனாலும் கோட்டுப் போட்டார்களா என்று எட்டிப் பார்ப்பேன். ஆகவே அந்த ஒரு வசனத்தைப் பன்னிரண்டு பக்கத் திட்டமாக்கினேன்.

நல்ல திட்டம். இப்போதும் சொல்வேன். நைரோபியில் இறங்கியதும் ஒரு நாள் முழு ஓய்வு. மிருகச் சரணாலயத்துக்குக் குலுங்கிக் குலுங்கி ஆறு மணித்தியாலம் ரோட்டில் போகாமல் சின்ன விமானத்தில் முக்கால் மணி. கூடாரம் இல்லை, லொட்ஜ் ஒன்றில் படி இல்லாத கொட்டேஜ். வான் வண்டியில் ஏற மரப்பெட்டி ஒன்று. ஒன்பது பேர் இருக்கிற வானில் ஆறு பயணிகள் மட்டும். எங்கெங்கே ரொயிலெற் என்று குறித்த வரைபடம். ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு வாளியும் கோப்பையும். இது ஏன் என்று அந்த லொட்ஜ் மனேஜர் மூன்று கடிதம் போட்டுக் கேட்டார். நான் மூன்று கடிதத்திலும் "இது மிக முக்கியம்" என்று மட்டும் பதில் எழுதினேன்.

ஏழாம் பக்கம்தான் என் பெருமை. ஆறு பேரில் ஐந்து பேருக்குச் சுகர். ஆகவே சீனிக்குத் தடை. எங்கள் மேசையில் சீனி வைக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் கேக் இருக்கக் கூடாது. பிளாஸ்கில் வெறும் தேத்தண்ணீர். வானில் ஒரு ரொபி கூட இருக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்.

அடிக்கோடு இரண்டு.

பரிமளம் அக்கா கணவரோடும் மகளோடும் ஒபிசுக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணவர் நடராசா அண்ணை ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு பேரில் சுகர் இல்லாத ஒரே ஆள். கோயிலுக்குக் கூட்டிப் போனால் செருப்புக்குக் காவல் நிற்கிறேன் என்று வெளியே நின்றுவிடுகிற வகை. அக்கா நேரெதிர். ஆனால் பக்தியை விடப் பகிடிதான் அவவுக்குக் கூட. கதிரையில் இருந்ததும் என்னைப் பார்த்து, "பிள்ளை, சிங்கம் இவரைத் திண்டால் எனக்கு ரிக்கெற் காசிலை கழிவு இருக்கோ?" என்று கேட்டா.

"எலும்புக்கு ஆர் கழிவு தருவினம்?" என்றார் அண்ணை.

உடல்நலப் படிவத்தை மகள்தான் நிரப்பினாள். கேள்வியை நான் வாசிக்க, பதிலை அவள் சொன்னாள். "அம்மாவுக்குச் சுகர் இருக்கு. குளிசை போடுறா. கொன்ரோலிலை இருக்கு."

"சாப்பாட்டிலை ஏதாவது கட்டுப்பாடு?"

"மரக்கறி. வேற ஒண்டும் இல்லை."

பரிமளம் அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "பிள்ளை, உந்தத் திகதிதானோ? ஒரு கிழமை தள்ளிப் போட ஏலாதோ?" என்றா.

"அம்மா, எனக்கு அந்தக் கிழமைதானே லீவு. பிந்தினால் உங்களை ஹீத்ரோவுக்கு ஆர் கொண்டுபோறது?" என்றாள் மகள்.

நானும் சேர்ந்துகொண்டேன். "பிந்தினால் அங்கை மழை தொடங்கியிடும் அக்கா. தீபாவளிக்கு முதலும் போகேலாது, நீங்கள் வீட்டிலை இருக்கவேணும். அதுதான் தீபாவளி முடிஞ்ச கையோடை போட்டிருக்கிறன்."

தீபாவளியைக் கவனித்த என் கெட்டித்தனத்தை அவர்கள் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். நான் மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, மாதா கோயில் ஆள். தீபாவளிப் பலகாரம் எல்லா வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். அது முடிந்த கையோடு என்ன தொடங்கும் என்று எனக்குத் தெரியாது.

"சரி சரி. சிங்கத்துக்கு எல்லாத் திகதியும் ஒண்டுதானே," என்றா அக்கா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவவின் பகிடிக்கு நான் தப்பான இடத்தில் சிரித்த முதல் தடவை அது.

போகும்போது மகள் மட்டும் கதவடியில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "தம்பி ஊரிலை. சண்டைக்குச் சனம் இடம்பெயர்ந்ததோடை நாலு மாசமாக் கடிதம் இல்லை. அம்மா பகிடி விட்டுக்கொண்டு திரியிறா, ஆனால் நித்திரை இல்லை. அதுதான் எங்கையாவது அனுப்புவம் எண்டு." தம்பியின் பெயர் குகன். அதையும் என் கொப்பியில் குறித்தேன். எல்லாவற்றையும் குறிக்கிறவள் நான்.

மற்ற நான்கு பேரும் லண்டன்காரர்: மனோர் பார்க்கிலிருந்து கந்தையா அண்ணையும் மனைவியும், எட்மன்டனிலிருந்து கலியாணம் கட்டாத இரண்டு சகோதரிகள்.

பயணம் வெண்ணெய் மாதிரிப் போனது. சாப்பாட்டு நேரம் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று கொப்பியில் சரி போடுவேன். பரிமளம் அக்காவுக்குத்தான் முதல் சரி. தட்டை நிரப்பிக்கொண்டு வருவா, கணவருக்குப் பக்கத்தில் இருப்பா, கதை கதையென்று கதைப்பா. எழும்பும்போது தட்டு வெறுமை. மற்றவர்கள் ஆபிரிக்கச் சாப்பாடு ஒத்துவராது என்று முனகியபோது, "பரிமளம் அக்காவைப் பாருங்கோ" என்று நான் உதாரணம் காட்டினேன். நடராசா அண்ணையின் பெல்ற் ஒரு ஓட்டை தளர்ந்திருந்ததையும் கண்டேன். ஊர் மாறினால் சிலருக்குப் பசி கூடும் என்று நினைத்தேன்.

எங்களுக்கு வான் ஓட்டியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் ஏழு பேரும் கடைசி நாள் வரை "ட்றைவர்" என்றே கூப்பிட்டோம். அந்த வெட்கத்தை மறைக்காமல் இங்கேயும் அப்படியே விடுகிறேன். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் நாலாம் நாள், பின்னேரம் மூன்று மணியிருக்கும். குடை விரித்த மாதிரி ஒரு மரம், அதன் கீழ் ஐந்து சிங்கங்கள். ஒன்று ஆண். வானின் கூரையைத் திறந்து எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம்.

"அங்கை பாருங்கோ," என்றா பரிமளம் அக்கா. "பெரியவர் சரிஞ்சு கிடக்கிறார். மனுசிமார் ஓடித் திரிஞ்சு அடிச்சுக்கொண்டு வரவேணும். கொண்டுவந்தால் முதல் பங்கு ஆருக்கு? இவருக்கு. அப்பா, உங்கடை பகுதி ஆக்கள்போலை."

"என்ரை தலையிலை அவ்வளவு மயிர் எங்கை கிடக்கு?" என்றார் நடராசா அண்ணை.

வான் குலுங்கச் சிரித்தோம். அக்கா திரும்பவும் சிங்கத்தைப் பார்த்தா. குரல் கொஞ்சம் மாறியது.

"குகன், சேட்டுப் போடடா. வெயில் சுடுது."

எட்மன்டன் தங்கைக்குச் சிரிப்பில் புரையேறியது.

"எத்தினை தரம் சொல்லுறது? கொழுவியிலை தொங்குது, எடுத்துப் போடு. உப்பிடி வெறும் மேலோடை நிண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

சிங்கத்துக்குச் சேட்டுப் போடச் சொல்கிறா! கந்தையா அண்ணை கண்ணைத் துடைத்தார். எனக்கு வயிறு நொந்தது. நான் கமெராவை எடுத்து அவவை ஒரு படமும் பிடித்தேன். நடராசா அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவசரமாகச் சிங்கத்தைப் பார்த்தார். அதையும் நான் கண்டேன். கண்டும் சிரித்தேன். மகனின் பெயரை அந்தத் தாய் பகிடிக்கு எடுக்கமாட்டா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொப்பியில் எழுதி வைத்திருந்தேனே.

ட்றைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "மடம், நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை."

நான் திரும்பினேன். அக்காவின் நெற்றியில், மேலுதட்டில், கழுத்தில் எல்லாம் வியர்வை. நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். கை நடுங்கியது. என்னைப் பார்த்தா, ஆனால் நான் யாரென்று தேடுகிற பார்வை.

"அவருடைய சாப்பாட்டுப் பெட்டி நேற்றும் இன்றும் எனக்குத்தான் வந்தது," என்றார் ட்றைவர். "நல்ல மனம் என்று நினைத்தேன். பிழை என்னுடையது."

பிழை அவருடையது இல்லை.

"அண்ணை," என்றேன், "அக்கா சாப்பிட்டவவோ?"

நடராசா அண்ணை சிங்கத்தையே பார்த்தார்.

"அண்ணை! அந்தச் சிங்கத்தை விடுங்கோ. சாப்பிட்டவவோ இல்லையோ?"

"கந்தசட்டி விரதம்," என்றார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பெடியன் மாதிரி. "வெளிக்கிட்ட அண்டு தொடக்கம். இரவிலை மட்டும் ஒரு கோப்பைப் பால். பெடியனுக்காக நேந்தவ. ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

"தட்டிலை போட்டதெல்லாம்?"

"நான்தான்."

"சுகர்க் குளிசை?"

"அது நேரத்துக்குப் போடுறா. குளிசை விரதத்தை முறிக்காது தானே."

அந்தத் "தானே" எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. சாப்பாடு இல்லை, ஆனால் சீனியைக் குறைக்கிற குளிசை மட்டும் காலையும் மாலையும் ஒழுங்காக உள்ளே போயிருக்கிறது. விரதத்துக்கும் குறையில்லை, வைத்தியருக்கும் குறையில்லை. நாலு நாளாக இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறா. அந்த நேரம் மூளைக்கு ஒரு சொட்டுச் சீனி போகவில்லை. நாங்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

அக்கா இருக்கையில் சரிந்தா.

சீனி வேண்டும், உடனே. இது முதலுதவி வகுப்பில் படித்தது. ஆனால் எங்கே சீனி? நானே ஏழாம் பக்கத்தில் இரண்டு அடிக்கோடு போட்டு ஒழித்த சீனி. லொட்ஜுக்கு ஒரு மணித்தியால ஓட்டம், அதுவும் பள்ளமும் திட்டியும். "போகட்டா?" என்று ட்றைவர் வானை ஸ்ராட் பண்ணுகிற திறப்பில் கையை வைத்துக் கேட்டார். அந்தக் குலுக்கலில் அரை மயக்கத்தில் இருக்கிற ஆளின் வாய்க்குள் எதையும் வைக்க முடியாது. வைக்காமல் போனால் ஒரு மணித்தியாலம் தாங்குவாவா என்று எனக்குத் தெரியாது. "நில்லுங்கள், கூரையை மூடுங்கள், ரேடியோவில் விமானத் தளத்தடி க்ளினிக்குக்குச் சொல்லுங்கள்," என்றேன். சிங்கங்கள் நாற்பது அடியில். அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. அவற்றுக்கும் எங்களில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு கத்தினேன். "ஆரிட்டையாவது இனிப்பு இருக்கோ?"

 மற்ற நாலு சுகர்க்காரரும் என் தடையுத்தரவை மதித்து நடந்த உத்தமர் மாதிரி நிலத்தைப் பார்த்தார்கள்.

"ஏச மாட்டன். செபமாலை மேலை ஆணை. இருக்கிறதை எடுங்கோ!"

முதலில் கந்தையா அண்ணை. கமெரா உறையின் அடியிலிருந்து மூன்று ரொபி. "அவசரத்துக்கு எண்டு…" என்றார். அவருடைய மனைவி கணவரை முறைத்துப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்தா. லொட்ஜில் வெள்ளைக்காரர் மேசையிலிருந்து எடுத்த சீனிப் பக்கெற்றுகள், ஒரு இருபதாவது இருக்கும்.

"நீயுமோ?" என்றார் கந்தையா அண்ணை.

எட்மன்டன் தமக்கையின் சுடுதண்ணிப் பை உறைக்குள் இருந்து, கடதாசியில் சுற்றிய நாலு பயத்தம் பணியாரம். தங்கையின் கம்பளிக் கால்மேசுக்குள் இருந்து கற்கண்டு. மடியில் வந்து விழ விழ எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தையும் இவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

சீனியைப் போத்தல் மூடியில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து, அக்காவைச் சரித்துப் பிடித்து, விரலால் பல்முரசில் பூசப் போனேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டா. எதுவும் விளங்காத நிலையிலும் விரதம் மட்டும் விளங்கியது. தலையை அந்தப் பக்கம் திருப்பினா. நாள் முழுக்க மூடாத வாய், அந்த நேரம் திறக்க மறுத்தது.

"அக்கா, மருந்து."

இல்லை.

"பிரசாதம் அக்கா." வேதக்காரி சொன்ன பொய். அதுவும் எடுபடவில்லை.

நடராசா அண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு வந்து முழங்காலில் இருந்தார். அவவின் காதுக்குள் சொன்னார்: "பரிமளம், இனி நான் பிடிக்கிறன். கேக்குதோ? மிச்ச நாள் முழுக்க நான். முருகனட்டை நான் சொல்லுறன். நீ திற."

கண் மூடியபடியே அக்காவின் முகம் சுளித்தது. பிறகு அந்த வாய் திறந்தது.

"நீங்களோ? பத்து மணித் தேத்தண்ணி பிந்தினாலே…"

அவ்வளவுதான். விரலை உள்ளே விட்டேன். அவ கடித்தா. நான் எடுக்கவில்லை.

கொஞ்சம் விழுங்கினா. இன்னும் கொஞ்சம். பிறகு ரொபி ஒன்று. பத்து நிமிசத்தில் கண் திறந்து சுற்றிப் பார்த்தா. "ஏன் எல்லாரும் என்ரை வாயைப் பாக்கிறியள்? சிங்கம் அந்தப் பக்கமெல்லோ?"

வானுக்குள் எழுந்த சத்தத்தில் மரத்தடியில் கிடந்த பெரியவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பிள்ளைகள், இதுவரை நான் செய்தது யாரும் செய்வது. இனி வருவதுதான் உங்களுக்கு உதவும். ஆள் தெளிந்துவிட்டா. எல்லோருக்கும் குதூகலம். போகிற வழியில் ஆற்றடியில் யானைக் கூட்டம் நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். கந்தையா அண்ணை, "ஆள் வலு சுகமாயிருக்கிறா பிள்ளை, ஒரு எட்டுப் பாத்திட்டுப் போவம்," என்றார். பரிமளம் அக்காவே, "எனக்காக ஒருத்தரும் யானையை விடவேண்டாம்," என்றா. எனக்கும் ஆசைதான். யானையில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பதில். அரை மணித்தியாலம் யானை பார்த்தால், நான் பிழைவிடவில்லை என்றாகிவிடும் போலிருந்தது.

ட்றைவர் என்ஜினை ஸ்ராட் பண்ணினார். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கையில் இருப்பது என் மகள் என்றால் யானை பார்ப்பேனா என்று என்னை நானே கேட்டேன். "க்ளினிக்," என்றேன். நான் சொல்லி முடிக்க முதல் வான் நகர்ந்தது.

இருபது நிமிசம் போயிருக்காது, அக்கா கதைத்துக்கொண்டிருந்த வசனத்தின் நடுவில் நின்றா. திரும்பவும் வியர்வை. திரும்பவும் சீனிப் பக்கெற்றுகள். இந்த முறை நடராசா அண்ணைதான் ஊட்டினார், அவ எதிர்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. விமானத் தளத்தடி க்ளினிக்கில் உடனே குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள். அங்கிருந்த வைத்தியர், அந்தக் குளிசையின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் நிற்கும், தின்கிற சீனி அதன் முன்னால் நிற்காது என்று விளக்கினார். இரவு முழுக்க வைத்திருந்து பார்க்கவேண்டும் என்றார். யானை பார்க்க நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, திரும்பவும் அக்காவின் நாடியைப் பிடித்தார். 

லொட்ஜிலிருந்து என் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். பதினைந்து வயது மகள்தான் தூக்கினாள்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

"என்ன சாப்பிட்டனி? காட்டு."

"ரெலிபோனிலை எப்பிடி அம்மா காட்டுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தகப்பனைக் கூப்பிட்டாள்.

அடுத்த நாள் காலை அக்காவின் கட்டிலடியில் இருந்தேன். "விரதம் போச்சு பிள்ளை," என்றா. அன்றைக்குத்தான் அவவைப் பகிடியில்லாமல் பார்த்தேன். "அவன் எங்கை நிக்கிறானோ, என்ன திண்டானோ தெரியாது. நான் என்னெண்டு சாப்பிடுறது? அதுதான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா. திகதியை மாத்தியிருப்பன்."

"உனக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன். உன்ரை தலைக்கு மேலைதானே கலண்டர் தொங்குது. பெரிய எழுத்திலை போட்டிருக்கு."

அது பலசரக்குக் கடைக்காரர் வருடா வருடம் தருகிற முருகன் படக் கலண்டர். சுவரில் இருந்த ஓட்டையை மறைக்கத் தொங்கவிட்டது. என் கதிரைக்குப் பின்னால் இருந்ததால் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் மட்டும் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தேன். மற்ற நான்கு பேரிடமும் கேட்டேன். எல்லோருக்கும் கந்தசட்டி என்று தெரிந்திருந்தது. சுகர் என்பதால் தாங்கள் பிடிக்கவில்லையாம். ஏன் திகதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால், "பிள்ளையள் எல்லோ புக் பண்ணினவை. அதுகளின்ரை லீவை நாங்கள் குழப்பிறதே?" என்றார்கள்.

நடராசா அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த நாலாம் நாள் இரவிலிருந்து தண்ணீர் மட்டும். அவருக்கு நாலு பேரும் மாறி மாறிக் காவல், அவருக்காக நான் வானில் இரண்டு கிலோ சீனி வைத்தேன். ஆள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். ஆறாம் நாள் காலை ஒரு சிங்கம் வரிக்குதிரை தின்பதைக் கண்டோம். ரத்தமும் ஈயும் பார்க்க ஏலாமல் எல்லோரும் முகத்தைத் திருப்ப, பிறந்த நாள் தொட்டு மரக்கறி மட்டும் தின்கிற அந்த மனிதர் பெருமூச்சு விட்டார்: "குடுத்து வைச்சவன்."

விரதம் முடிந்த காலை ட்றைவர் அவருக்கு எங்கிருந்தோ ஒரு தேங்காய்ப்பூ போட்ட கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். "பெட்டிகளுக்குப் பதில்," என்றார்.

மாசி மாதம் இரண்டு பேரும் ஒபிசுக்கு வந்தார்கள். அண்ணை மெலிந்திருந்தார். கடிதம் வந்துவிட்டது. குகன் உயிரோடு இருந்தான், ஒரு அகதி முகாமில். கடிதத்தில் போட்டிருந்த திகதியைப் பார்த்தால் அது விரதம் தொடங்குவதற்கு மூன்று கிழமைக்கு முதலே எழுதியது. ஆள்மாறி ஆள்மாறிக் கொழும்பு வந்து சேர அவ்வளவு காலம். அதை நான் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, அக்காவே சொன்னா.

"திகதியைப் பாத்தனான் பிள்ளை. முருகன் உன்னை மாதிரித்தான். எல்லாம் முன்கூட்டிப் புக்கிங்."

"அப்ப நான் பட்டினி கிடந்தது?" என்றார் அண்ணை.

"அது உங்கடை வயித்து வண்டி குறைய."

சிரித்தேன். இந்த முறை முகத்தைப் பார்த்துவிட்டு.

அன்றைக்கு என் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். கலண்டர் எனக்கு முன்னால் வந்தது, வந்தவர்களுக்கு யன்னல். நீங்கள் சேர்ந்தபோது, ஏன் அக்கா வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள், அதனால்தான். படிவத்தை நிரப்பும்போது பிள்ளைகளைத் தேத்தண்ணி வாங்க வெளியே அனுப்பச் சொல்வதும் அதனால்தான். தாய் தகப்பனைத் தனியே இருத்தி, "என்ன வருத்தம்?" என்று கேட்காதீர்கள். ஒன்றும் இல்லை என்பார்கள். "பிள்ளையளுக்குச் சொல்லாமல் என்ன செய்யிறனீங்கள்?" என்று கேளுங்கள். ஒரு மணித்தியாலம் சொல்வார்கள். ஏழாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், வானில் சீனி இருக்கவேண்டும்.

படச்சுருளைக் கழுவக் கொடுத்தபோது அந்தப் படமும் வந்தது. அழகான படம். பின்னால் மரம், சிங்கம், நாலு பேரின் சிரிப்பு. நடுவில் ஒரு பெண் வெயிலில் நிற்கிற மகனோடு கதைத்துக்கொண்டிருக்கிறா, நெற்றி முழுக்க வியர்வை மினுங்குகிறது. ஒபிசில் மாட்டுவோம் என்று முதலாளி கேட்டார். நான் கொடுக்கவில்லை. அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது, நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. பகிடி விடுவதில் கெட்டிக்காரி. அவள் பகிடி விட்டால் வீடே சிரிக்கும், நான் மட்டும் கொஞ்சம் பிந்துவேன். "அம்மாவுக்கு விளங்க நேரமெடுக்கும்" என்று தம்பிக்குச் சொல்லுவாள். நான் திருத்துவதில்லை. முதலில் அவளுடைய நெற்றியைப் பார்ப்பேன். அது காய்ந்திருந்தால் சிரிப்பேன்.